ஊரார் காத்த ரயிலடி

லண்டன் மாநகருக்குத் தெற்கே, ஸஸெக்ஸ் பிரதேசத்தில், வயலும் வனமும் சூழ்ந்த ஏகாந்தத்தில் இருக்கிறது ஹார்ஸ்டெட் கெய்ன்ஸ் ரயிலடி. அப்பெயருடைய கிராமமோ ஒரு மைலுக்கும் அப்பால். 1882-ம் வருஷத்தில் திறந்த இந்த நாட்டுப்புறத்து ஸ்டேஷனுக்கு ஐந்து பிளாட்பாரங்கள்! இரண்டு பாதைகள் இங்கே கூடியதே அதற்குக் காரணம்.

ஷெபீல்டு பார்க் வழியாகச் செல்லும் பாதையை 1955-ல் மூடிவிட்டார்கள். வண்டி ஓட்டுவது நஷ்டமாம். பெஸ்ஸமர் என்னும் அம்மையார் அப்பாதைக்காக இயற்றிய பழைய சட்டத்தைப் புரட்டினார். தினம் நான்கு வண்டிகள் விட்டே தீரவேண்டும் என்ற ஷரத்து அதில் இருந்தது. அதிகாரிகள் 1956-ல் வேண்டா வெறுப்பாக வண்டி விட்டார்கள். பிறகு பார்லிமெண்டில் அந்த ஷரத்தை நீக்கிக்கொண்டு, 1958-ல் மறுபடியும் மூடினார்கள். சட்டத்தினால் காக்க முடிந்தது இரண்டு வருஷமே.

அப்பால் காத்தவர்கள் தொண்டர்கள். 1959-ல் அவர்கள் ஒரு சங்கம் கூட்டினார்கள். 1875-ல் செய்த 'ஸ்டெப்னி' முதலிய பழைய எஞ்சின்களைத் தேடிப் பிடித்து, 1960 ஆகஸ்டு 7-ம் தேதி தாங்களே வண்டி விட்டார்கள். வசந்தத்தில் பாதையோரக் காடுகளில் பூக்கும் நீலப் பூவின் பெயரால் அது 'புளூபெல் ரயில்' ஆயிற்று. மற்றப் பாதையில் ஓடிய சர்க்கார் வண்டியும் 1963-ல் நின்றபின், ஹார்ஸ்டெட் கெய்ன்ஸுக்கு இவர்களே கதி.

இன்று அந்த ஸ்டேஷன், 1923 முதல் 1947 வரை நடந்த தெற்கு ரயில்வேயின் காலத்துக் கோலத்தில் விளங்குகிறது. டிக்கெட் கொடுப்பவர், கைகாட்டி இறக்குபவர், விடியுமுன் எஞ்சினைத் துடைப்பவர் ஆகியோரில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். கட்டடத்தைப் போலவே அந்தத் தொழில்களும் கைவிட்டுப் போகாமல் வாழ்கின்றன.

வடக்கே பாதை சென்ற பள்ளம் ஒன்றை ஊர்க்குப்பை கொட்டி நிரப்பியிருந்தார்கள். ஆளுக்குப் பத்துப் பவுன் தாருங்கள் என்று சங்கத்தார் கேட்டார்கள், பணம் சேர்ந்தது, குப்பை அகன்றது. 2013 மார்ச்சில் வண்டி ஈஸ்ட் கிரின்ஸ்டெட் வரை, 11 மைல், சென்றது.

சீமைத் துணியை விலக்கிய நாம் சீமையின் இந்தப் பாடத்தை விலக்க வேண்டுவதில்லை. தேசத்தின் சொத்து என்று பலகை நாட்டினால் மட்டும் ஒரு பொருள் நிலைத்துவிடாது. சர்க்கார் நஷ்டம் என்று தள்ளியதை ஹார்ஸ்டெட் கெய்ன்ஸ் தொண்டர்கள் தங்கள் வரவில் எழுதிக்கொண்டார்கள். அதனால்தான் அங்கே இன்றும் மணி அடிக்கிறது.