கத்திரி வெயிலில் ஓவர்கிளாக்கிங்

புது ப்ராசஸர் வாங்கிய கையோடு ஓர் ஆசை வரும். கம்பெனி கொடுத்த வேகத்துக்கு மேல் கொஞ்சம் விரட்டிப் பார்த்தால் என்ன? அதற்குப் பெயர்தான் ஓவர்கிளாக்கிங். காசு செலவில்லாமல் வேகம் என்றால் யாருக்குக் கசக்கும்? ஆனால் காமர்ஸ் படிப்பவர்களுக்கு ஒன்று தெரியும். ஒரு பக்கம் வரவு எழுதினால் மறுபக்கம் பற்று இருந்தே தீரும். இங்கே அந்தப் பற்று, வெப்பம்.

கணக்கு சுலபம்தான். மதர்போர்டின் அடிப்படை கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ். அதை மல்டிப்ளையரால் பெருக்கினால் ப்ராசஸரின் வேகம். 40 என்றால் 4000 மெகாஹெர்ட்ஸ், 42 என்றால் 4200. கொஞ்ச தூரம் போனதும் சிப் தடுமாறும். அப்போது வோல்டேஜை ஏற்ற வேண்டும். வினையே அங்கேதான். சிப் வேலை செய்யும்போது தின்னும் மின்சாரம், வேகத்தோடு ஒரு மடங்கும் வோல்டேஜோடு இரு மடங்கும் (அதாவது வர்க்கமாக) பெருகும். வேகம் 10 சதவீதம், வோல்டேஜ் 10 சதவீதம் கூட்டினால் 1.1 x 1.1 x 1.1 = 1.33. பத்து சதவீத லாபத்துக்கு முப்பத்துமூன்று சதவீத வெப்பம்!

ஒரு காலத்தில் இந்த வியாபாரம் கொழுத்த லாபம். 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ சிப்பை, 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸிலிருந்து 100-க்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் 450 ஆகிவிடும். இன்று அந்த லாபத்தில் பெரும்பங்கை கம்பெனிகளே எடுத்துக்கொண்டன. டர்போ பூஸ்ட் போன்ற வசதிகள் 2008 முதல் சிப்பைத் தானாகவே விரட்டுகின்றன. நமக்கு மிஞ்சுவது சில சதவீதம்தான். அதுவும் இன்டெல்லில் பொதுவாக 'கே' என்ற எழுத்து போட்ட மாடல்களில்தான் மல்டிப்ளையரை ஏற்ற முடியும்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். இணையத்தில் கிடைக்கும் ஓவர்கிளாக்கிங் குறிப்புகள் பலவும் குளிர் நாட்டிலோ ஏசி அறையிலோ உட்கார்ந்து எழுதியவை. கடலூரில் மே மாத மதியம் 38 டிகிரியைத் தொடுவது புதிதல்ல. தேவனாம்பட்டினம் பக்கமிருந்து கடற்காற்று வந்தால் பிழைத்தோம். சிதம்பரத்தில் மொட்டைமாடிக்குக் கீழே வாடகை அறை எடுத்துத் தங்கும் மாணவருக்கு, இரவு பத்து மணிக்கும் சுவர் சுடும்.

சிப்பின் மேல் இருக்கும் ஹீட்சிங்க்கும் ஃபேனும் அறை வெப்பத்துக்குக் கீழே எதையும் குளிர்விக்க முடியாது. அறையில் 26 டிகிரி இருக்கும் மார்கழியில், முழு வேலையில் சிப் 78 டிகிரி காட்டினால் வித்தியாசம் 52. அதே செட்டிங்கோடு அறை 38 டிகிரி ஆனால், 38 + 52 = 90. ரைசன் 7000 வரிசை சிப்கள் பலவற்றுக்கு வரம்பே 95. வரம்பைத் தொட்டால் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏற்றிய வேகமும் போச்சு, கரண்ட் பில்லும் ஏறியாச்சு. ஆகவே முதல் விதி இதுதான்: மார்கழியில் செட் செய்யாதீர்கள், கத்திரிக்கு செட் செய்யுங்கள். டிசம்பரில்தான் செய்ய நேர்ந்தால், பத்துப் பன்னிரண்டு டிகிரி இடம் விட்டு நிறுத்துங்கள்.

சிப் புகைந்துவிடும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அதைவிட மோசமானது சத்தமில்லாத தப்பு. விளிம்பில் ஓடும் சிப் எப்போதாவது ஒரு கணக்கைத் தப்பாகப் போடும். கேமில் வந்தால் ரீஸ்டார்ட் செய்துகொள்ளலாம். மூன்று மாதம் உட்கார்ந்து செய்த ப்ராஜெக்ட் ஃபைலிலோ, அப்பாவின் கடைக் கணக்கு இருக்கும் டேலியிலோ வந்தால்? வீட்டுக்கு ஒரே கணினி என்றால் இது விளையாட்டில்லை.

செய்தே தீருவேன் என்பவர்களுக்கு வரிசை இதோ:

1. முதலில் எல்லா ஃபைலையும் வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள்.
2. பயாஸைப் புதுப்பியுங்கள். தூசி தட்டி, காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். கடலோர ஊரில் உப்புக் காற்றும் ஈரமும் கனெக்டர்களைக் கெடுக்கும். அதையும் பாருங்கள்.
3. எதையும் மாற்றாமல், மதியம் இரண்டு மணிக்கு முழு வேலை கொடுத்து வெப்பத்தைக் குறித்து வையுங்கள்.
4. மல்டிப்ளையரை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். வோல்டேஜைத் தொடாமல் எவ்வளவு கிடைக்கிறதோ அதுவே போதும்.
5. ஒவ்வொரு படிக்கும் ப்ரைம்95 ஓட்டுங்கள். பிரம்மாண்ட பகா எண்களைத் தேடுவதற்காக எழுதிய மென்பொருள் அது. விடை தப்பினால் உடனே காட்டிக்கொடுக்கும். ஒரு பிழை வந்தாலும் ஒரு படி இறங்குங்கள்.
6. பூட் ஆகவில்லையா? பதற வேண்டாம். சிமாஸ் கிளியர் செய்தால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

யூபிஎஸ்ஸையும் மறக்காதீர்கள். நெய்வேலி பக்கத்திலேயே இருந்தாலும் கரண்ட் போகும்போது போகத்தான் செய்யும் :-) 600 விஏ என்று போட்டிருந்தால் அது 600 வாட்ஸ் இல்லை. பல மாடல்களில் 360 வாட்ஸ்தான் தாங்கும். கிராஃபிக்ஸ் கார்டும் ஓவர்கிளாக்கும் சேர்ந்தால் அந்த வரம்பைத் தாண்டிவிடலாம்.

'ஆட்டோ' என்று விட்டுவிட்டால் மதர்போர்டு பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். 2023-ல் ரைசன் 7000 சிப்கள் சில கருகின. மெமரியை விரட்டும் எக்ஸ்போ செட்டிங்கை ஆன் செய்தபோது சில போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை அளவுக்கு மீறி ஏற்றியதால், ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் என்று வரம்பு போட்டது. 2024-ல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் அதிக வோல்டேஜால் நிலைகுலைந்தன. புது மைக்ரோகோடு விட்டு, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டினார்கள். செய்தவர்களுக்கே வோல்டேஜ் கணக்கு தவறுகிறது என்றால், நாம் எத்தனை ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

வெயில் ஊருக்குப் பொருத்தமான வித்தை இன்னொன்று உண்டு. அண்டர்வோல்டிங். வேகத்தை அப்படியே விட்டுவிட்டு வோல்டேஜை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. அதே ப்ரைம்95 சோதனை, அதே பொறுமை. ஆனால் வெப்பம் இறங்கும், ஃபேன் சத்தம் அடங்கும். சூடு குறைந்த சிப் தன் டர்போ வேகத்தில் அதிக நேரம் நிற்கும். மே மாத மதியத்தில், வேகத்தை ஏற்றிய கணினியைவிட வோல்டேஜைக் குறைத்த கணினி முந்தினாலும் ஆச்சரியமில்லை.

இந்தக் கத்திரிக்கு அதை முயன்று பாருங்கள். காப்பி எடுத்துவிட்டுத்தான்!