ஒரு தலைப்பும் ஒரு தாயின் கேள்வியும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொழும்பில் ஒரு பத்திரிகையின் ஆசிரிய பீடத்தில் இரவுப் பணியில் இருந்தேன். வெளிநாட்டுச் செய்திச் சேவையொன்று அனுப்பிய சிறு குறிப்பை மொழிபெயர்க்க நேர்ந்தது. கலங்களை வளரத் தூண்டும் சமிக்ஞைகள் பற்றிய ஆராய்ச்சி என்றோ ஒருநாள் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு உதவக்கூடும் என்பதே அதன் சாரம். 'உதவக்கூடும்' என்ற சொல் தலைப்பில் அடங்கவில்லை. 'புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு' என்று போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் வயதான தாயொருவர் அலுவலகத்துக்கு வந்தார். மார்பகப் புற்றுநோய் கண்ட மகளை மகரகம வைத்தியசாலையில் விட்டுவிட்டு வந்திருந்தார். கொட்டப்பெட்டியைத் திறந்து, நாலாக மடித்த பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டினார்.

"தம்பி, இந்த மருந்து எங்கை எடுக்கலாம்?"

நான் தடுமாறியபடி விளக்கம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப ஏன் ராசா எழுதினனீங்கள்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

அந்தக் கேள்விதான் அத்துறையில் நடப்பவற்றைத் தொடர்ந்து வாசிக்கும்படி என்னை உந்தியது. அவ்விதம் அறிமுகமானவரே அமெரிக்க விஞ்ஞானி லூயிஸ் கான்ற்லி.

இன்சுலின் 1921இல் ரொறொன்ரோவில் பிரித்தெடுக்கப்பட்டது. ஆனால் அது கலத்தினுள் எவ்வாறு தன் செய்தியைச் சேர்ப்பிக்கிறது என்பது நெடுங்காலம் புரியாமலே இருந்தது. இன்சுலின் வீட்டு வாசலில் நின்று அழைக்கும் தபாற்காரரைப் போன்றது. கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கியில் அது ஒட்டியதும், உள்ளேயிருப்பவர்கள் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களுள் முக்கியமான ஒருவரை அடையாளங் கண்டவர் கான்ற்லி. எண்பதுகளின் நடுப்பகுதியில், பொஸ்ரனில் உள்ள ரவ்ற்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, கட்டிகளை உண்டாக்கும் வைரசுப் புரதங்களோடு சேர்ந்திருந்த ஒரு நொதியத்தை அவரும் சகாக்களும் கண்டனர். அந்த நொதியம் கலமென்சவ்வின் கொழுப்பு மூலக்கூறு ஒன்றின் மூன்றாம் இடத்தில் பொசுபேற்றைச் சேர்க்கிறது என்பதை 1988இல் வெளியிட்டனர். பீ.ஐ.3 கைனேசு என்பது அதன் பெயர்.

தசையிலும் கொழுப்பிலும் குளுக்கோசு புகுவதற்கு வழி திறக்கச் செய்வது இந்தச் சமிக்ஞையே. கலம் வளர்வதற்கும் பெருகுவதற்கும் வளர்ச்சிக் காரணிகள் பயன்படுத்துவதும் இதே பாதைதான். புற்றுநோயில் இப்பாதை பலவேளைகளில் அணையாமல் எரியும் விளக்காகி விடுகிறது. அந்த நொதியத்துக்குரிய மரபணு பல கட்டிகளில் விகாரமடைந்திருப்பது 2004இல் தெரியவந்தது.

நொதியத்தைத் தடுக்கும் 'அல்பெலிசிப்' என்ற மாத்திரையை, மற்றொரு மருந்துடன் சேர்த்து, ஒருவகை முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு வழங்க அமெரிக்கா 2019 மே மாதம் அனுமதித்தது. அவ்வகை நோயாளருள் சுமார் 40 வீதமானோரிடமே இந்த மரபணு விகாரம் காணப்படுகிறது. நோய் தீவிரமடையாதிருக்கும் காலம் 5.7 மாதத்திலிருந்து 11 மாதமாக நீண்டது. குணப்படுத்தும் மருந்தல்ல அது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பாதையை அடைத்தால் இரத்தத்தில் சீனி ஏறும். சதையி மேலும் இன்சுலினைச் சுரக்கும். அந்த இன்சுலினே கட்டியில் அடைத்த பாதையை மறுபடியும் திறந்துவிடும். 2018இல் கான்ற்லி குழுவினர் எலிகளில் இதைக் காட்டினர். மாப்பொருளை மிகவும் குறைத்த உணவைக் கொடுத்தபோது மருந்து நன்கு வேலை செய்தது. ஆனால் மருந்தின்றி அந்த உணவை மட்டும் கொடுத்தபோது சில எலிகளில் இரத்தப் புற்றுநோய் விரைவுபட்டது. இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டு எழுதினால் என்ன தலைப்பு வரும் என்பதை நான் நன்கறிவேன்.

எனக்கும் இருபது வருடமாகச் சலரோகம். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்த காலம் போய்விட்டது. காலையில் வயிற்றில் ஊசி ஏற்றும்போது சில நாட்களில் அந்தத் தாயின் நினைவு வரும்.

அவர் கேட்ட மருந்தில் ஒரு சிறு பங்கு வந்துசேரக் கால் நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. அவருடைய மகளுக்கு அது பொருந்தியிருக்குமோ, யாரறிவார்? அன்றைக்குப் பிறகு, மருத்துவச் செய்தி எதுவாயினும் சோதித்தது மனிதரிலா எலியிலா என்று பார்க்காமல் நான் தலைப்பு இட்டதில்லை. 'உதவக்கூடும்' என்ற சொல்லுக்கு இடம் போதாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்கச் சொல்வேன்.