குன்றில் கற்ற வண்ணப்பாடம்

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு முன்னாள் மாணவனாகிய என்னைக் கேட்டனர். என் வாழ்வோடு ஒன்றிவிட்ட ஓவியக்கலையைப் பற்றியே எழுதத் துணிந்தேன்.

1978-ஆம் ஆண்டில் நான் ஆறாம் வகுப்பில் பயின்றேன். கோலசிலாங்கூரை அடுத்த ரப்பர் தோட்டம் ஒன்றில் என் பெற்றோர் இருவரும் பால்மரம் வெட்டி வந்தனர். அவ்வாண்டுத் தீபாவளிக்குத் தந்தையார் தமக்கு வேட்டி வாங்காமல், எனக்கு ஒரு வண்ணப்பெட்டி வாங்கித் தந்தார். அத்தகரப் பெட்டியில் பன்னிரண்டு வண்ண வில்லைகளும் ஒரு தூரிகையும் இருந்தன. நாட்காட்டியில் அச்சிட்டிருந்த புலியையும் யானையையும் பார்த்துத் தீட்டினேன். லயத்தில் உள்ளோர் பாராட்டினர். தந்தையார் மட்டும், "தம்பி, இந்தப் புலியை நீ எங்கே பார்த்தாய்?" என்று கேட்டார். நாட்காட்டியில் என்று சொல்ல எனக்கு நாணமாக இருந்தது.

அன்றுமுதல் கண்ணெதிரே காணும் உயிர்களைத் தீட்டலானேன். முதலில் வாய்க்கால் ஓரத்து வெண்கொக்கு. வெள்ளை வண்ணத்தைக் குழைத்து அப்பினேன். கொக்கு சுண்ணாம்பு பூசிய சுவர்போல் ஆயிற்று. பல தாள்கள் வீணான பின்னரே உண்மை புலப்பட்டது. நீர்வண்ணத்தில் தாளின் வெண்மையே வெள்ளை. கொக்கின் உருவை அப்படியே விட்டு, சுற்றியுள்ள புல்லின் பசுமையைத் தீட்டினேன். கொக்கு தானே எழுந்து நின்றது!

அடுத்து உடும்பு எனக்குப் பொறுமையைக் கற்பித்தது. முதற்பூச்சு காயுமுன் அடுத்ததை வைத்தால் வண்ணங்கள் கலந்து சேறாகிவிடும். மழைநாளில் நம் நாட்டில் தாள் எளிதில் காயாது. அம்மாவின் அடுப்பங்கரையில் தாளைக் காயவைத்துக் காத்திருந்தேன். ஆனால், மழைமேகம் தீட்டும்போது மட்டும் தாளை முன்பே நனைத்துவிட வேண்டும். வண்ணம் தானே பரவி மேகமாகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தந்தையார் என்னை மிதிவண்டியில் ஏற்றிக்கொண்டு புக்கிட் மெலாவத்திக் குன்றுக்கு அழைத்துச் சென்றார். கலங்கரை விளக்கமும் பழைய பீரங்கிகளும் உள்ள அக்குன்றில் லுத்தோங் குரங்குகள் கூட்டமாக வாழ்கின்றன. கருஞ்சாம்பல் நிறத் தாய் ஒன்று மரக்கிளையில் அமர்ந்திருந்தது. அதன் மார்பைப் பற்றியிருந்த குட்டியோ பளிச்சென்ற செம்மஞ்சள் நிறம்! நெடுநேரம் இமைகொட்டாமல் பார்த்தோம்.

வீடு திரும்பியதும் தாயைக் கறுப்பு வில்லையால் தீட்டினேன். தந்தையார் சிரித்தார். "கரிக்கட்டை போலிருக்கிறதே! அதன் முடி திருநீறு பூசியதுபோல் மின்னியதே, தம்பி" என்றார். நீலத்தையும் பழுப்பையும் கலந்து கருமை உண்டாக்கினேன். நீரை ஒற்றியெடுத்த தூரிகையால் மெல்ல இழுத்தபோது, இடையிடையே தாளின் வெண்மை தெரிந்து வெள்ளி முடியாயிற்று. குட்டியோ மேலும் இடர் தந்தது. கருமையின்மேல் மஞ்சள் எடுபடாது. ஆகவே குட்டியை முதலில் தீட்டிக் காயவிட்டு, பின்னரே அதைச் சுற்றித் தாயைத் தீட்டினேன்.

அப்படத்தை ஓவியப் போட்டி ஒன்றுக்கு அனுப்பினேன். "கறுப்புக் குரங்குக்கு இந்த நிறத்தில் குட்டி பிறக்குமா?" என்று நடுவர் ஒதுக்கிவிட்டார். நான் அழுதுகொண்டே வீடு வந்து, குட்டியின்மீது கறுப்பைப் பூசத் தூரிகையை எடுத்தேன். தந்தையார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீயும் நானும் கண்ணால் கண்டோம். கண்டதை அழிக்காதே" என்றார். பின்னர் அதை லயத்து வீட்டுச் சுவரில் தம் கையாலேயே மாட்டினார்.

அவர் சொன்னது மெய்யே. லுத்தோங் குட்டிகள் செம்மஞ்சளாகப் பிறந்து, சில மாதங்களில் கருஞ்சாம்பல் நிறம் அடைகின்றன. 2008-ஆம் ஆண்டில் விலங்கியல் அறிஞர்கள் இவ்வகைக் குரங்குக்குச் சிலாங்கூரின் பெயரையே சூட்டினர். மலாக்காவில் 1803 முதல் 1818 வரை ஆட்சி புரிந்த வில்லியம் ஃபார்குவார், சீன ஓவியர்களைக் கொண்டு இந்நாட்டின் உயிரினங்களையும் செடிகொடிகளையும் நீர்வண்ணத்தில் தீட்டுவித்தார். அவற்றுள் 477 ஓவியங்கள் சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தில் உள்ளன. தீட்டியவர்களின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை; ஆயினும் அவர்கள் கண்டதை நாமும் காண்கிறோம்.

1917-இல் நம் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் வணிகப் பயிராக வேரூன்றிய செம்பனை, பின்னாளில் எங்கள் பால்மரங்கள் நின்ற இடத்தையும் பிடித்துக்கொண்டது. லயமும் இன்று இல்லை, தந்தையாரும் இல்லை. அடுப்புப் புகை படிந்து தாள் பழுப்பேறிய அந்த ஓவியம் மட்டும் என் வீட்டில் இருக்கிறது. குட்டியின் செம்மஞ்சள் சற்றே மங்கியுள்ளது. எனினும் அது தாயின் மார்பை விடவில்லை.

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டுப் பக்கம் வரும் கொக்கையும் உடும்பையும் நன்றாகப் பாருங்கள். பார்த்ததைப் பார்த்தவாறே தீட்டுங்கள். தாள் காயும்வரை பொறுத்திருங்கள். பரிசு கிடைக்காமற் போனாலும், கண்ட நிறத்தை மாற்றாதீர்கள்.