ஜாமீன் கையெழுத்து

எங்கள் வீட்டில் வருஷத்தை லோனை வைத்துத்தான் சொல்வார்கள். “ஓடு மாத்தின லோன் கட்டி முடிஞ்ச வருஷம்தான் நீ பொறந்தே” என்பாள் அம்மா. பெரியக்காவுக்குக் காது குத்தியது ஒரு லோன். ஆயாவின் கண் ஆபரேஷன் ஒரு லோன். அதில் பாக்கி இருக்கும்போதே சின்ன அத்தை கல்யாணம் வந்து, பழையதைக் கழித்துக்கொண்டு புதிதாக ஒன்று போட்டார்கள். அப்பாவின் சைக்கிள்கூட ஒரு லோனில் மிச்சம் பிடித்து வாங்கியதுதான். எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தவை: சொசைட்டி.

அதன் முழுப்பெயர் நீலப் பலகையில் இரண்டு வரிக்கு ஓடும். ஊராட்சி ஒன்றிய ஆசிரியர்கள் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம், வரையறுக்கப்பட்டது, அதற்குக் கீழே ஒரு பதிவு எண். அந்தப் பெயரை யாரும் முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு ஓட்டு வீட்டின் முன்கட்டில் வாடகைக்கு இருந்தது சங்கம். இரண்டு இரும்பு பீரோ, சிவப்புத் துணி ஒட்டிய தடித்த பேரேடுகள், பசை பாட்டில், எப்போதும் வறண்டே கிடக்கும் ஸ்டாம்ப் பேடு. சுவரில் ‘கூட்டுறவே நாட்டுயர்வு’ என்று எழுதியிருக்கும். அதன் பக்கத்தில் வானவில்லின் ஏழு நிறமும் பட்டை பட்டையாக அமைந்த கூட்டுறவுக் கொடியின் படம். எழுத்தர் பேரேட்டைப் புரட்டும்போது நாக்கில் விரலைத் தொட்டுக்கொள்வார். அப்பாவின் பக்கம் வந்ததும், “சார், உங்க பங்கு இவ்வளவு, த்ரிப்டு இவ்வளவு, நிலுவை இவ்வளவு” என்று மூன்று எண்களைச் சொல்வார். அப்பா தன் பாஸ்புக்கில் அவற்றைச் சரிபார்த்துக்கொள்வார்.

அந்த மூன்று எண்களுக்குள்தான் சங்கத்தின் முழு இயக்கமும் இருந்தது. பங்குத்தொகை கட்டினால் உறுப்பினர். மாதாமாதம் சம்பளப் பட்டியலிலேயே சிக்கன சேமிப்பைப் பிடித்துவிடுவார்கள். இப்படி எல்லாரிடமும் சேர்ந்த பணத்திலிருந்து தேவைப்படுகிறவருக்குக் கடன். அவர் கட்டும் வட்டியில் செலவு போக மிஞ்சுவதில் ஒரு பகுதி காப்பு நிதிக்கு, ஒரு பகுதி பங்கு ஈவாக உறுப்பினர்களுக்கு. அதாவது அப்பா கட்டிய வட்டியில் துளி, சுற்றிக்கொண்டு அப்பாவிடமே திரும்பி வரும். தீபாவளிக்கு முன்னால் டிவிடெண்ட் வந்தால் எங்களுக்குத் துணி கொஞ்சம் நல்லதாக எடுப்பார்கள். வரவில்லை என்றால் பட்டாசில் கை வைப்பார்கள்.

அந்நாளில் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் அல்லர். 1981 ஜூனில்தான் ஆனார்கள். அதற்கு முன் சம்பளம் ஒன்றிய அலுவலகத்தில் வாங்க வேண்டும். அது தேதிக்கு வரும் என்று நம்பி ஒரு காரியமும் வைத்துக்கொள்ள முடியாது. ஆரம்பப் பள்ளி வாத்தியாருக்குப் பாங்கில் கடன் கேட்கும் தைரியமும் கிடையாது. வெளியே வாங்கினால் மூணு வட்டி. மாதம் நூறுக்கு மூன்று ரூபாய், வருஷத்துக்கு முப்பத்தாறு. அவசரம் என்று தெரிந்தால் அஞ்சு வட்டி. சொசைட்டி வட்டி மூணு வட்டியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அடகுக்கடையில் கேட்காத ஒன்றைச் சொசைட்டியில் கேட்டார்கள். உறுப்பினர்களிலேயே இரண்டு பேர் ஜாமீன் போட வேண்டும்.

இந்த இரண்டு கையெழுத்துக்காக அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகப் போவார். சைக்கிள் முன்கம்பியில் துண்டை மடித்துப் போட்டு என்னை உட்கார வைத்துக்கொள்வார். பிள்ளையோடு வருகிறவரிடம் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டார்கள் என்பது அவர் கணக்காக இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. போன உடனே விஷயத்துக்கு வரமாட்டார்கள். மழை, பள்ளிக்கூடத்து ஓட்டை, புதிதாக வந்த உதவிக் கல்வி அலுவலர் என்று சுற்றி, மோர் வந்து, குடித்து முடிந்த பிறகுதான் படிவம் சட்டைப்பையிலிருந்து வெளியே வரும்.

“எவ்ளோ சார் போடறீங்க?”

“ரெண்டாயிரம்.”

“எதுக்கு சார், தப்பா நினைக்காதீங்க.”

“தங்கச்சி கல்யாணம். பையன் வாலாஜாபாத்ல. நம்ம சாதி வழக்கத்துக்கு ரெண்டு நாள் சாப்பாடு.”

“நகை இருக்குதா?”

“கொஞ்சம் இருக்குது. மிச்சத்துக்குத்தான்.”

“பழசு எவ்ளோ நிக்குது?”

உள்ளேயிருந்து அவர் மனைவியும் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு அவமானமாக இருக்கும். அப்பா யாருக்கும் இவ்வளவு பணிந்து பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் அவர்தான் தலைமையாசிரியர், கேள்வி கேட்கிறவர் நேற்று வேலைக்கு வந்தவர்போல இருப்பார். திரும்பி வரும் வழியில் அதைச் சொன்னேன். “ஜாமீன் போடறவன் கேக்காம வேற எவன்டா கேப்பான்? நாளைக்கு அவன் என்கிட்ட வந்து நின்னா நானும் கேப்பேன்” என்றார். பெடல் மிதிக்கும் மூச்சோடு இன்னொன்றும் சொன்னார்: “பங்கு எத்தனை வெச்சிருந்தாலும் சங்கத்துல ஆளுக்கு ஒரு ஓட்டுதான். எனக்கும் ஒண்ணு, அவனுக்கும் ஒண்ணு.”

அப்பா சில ஆண்டுகள் சங்கத்தில் இயக்குநராக இருந்தார். அப்போது நடந்த உறுப்பினர் கல்வி வகுப்பு ஒன்றில் கேட்டதை அவர் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். திருவள்ளூரிலிருந்து மெட்ராஸுக்கு ரயிலில் போகும்போது செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷன் வந்தால் ஜன்னல் பக்கம் என்னைத் தள்ளி, “திரூர் இங்கதான் இருக்குது” என்று தொடங்கிவிடுவார். எங்கள் மாவட்டத்தின் பெருமை என்று அவர் நினைத்தது வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு அடுத்தபடியாக இதைத்தான். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த சில மாதங்களிலேயே, ஆகஸ்ட்டில், திரூரில் விவசாயிகளின் கடன் சங்கம் பதிவாகிவிட்டது. நாட்டிலேயே முதலாவது என்பார்கள். அக்டோபரில் காஞ்சிபுரத்தில் நகரத்துக்கான சங்கம். “ரெண்டும் அப்ப செங்கல்பட்டு ஜில்லாடா!” என்று எதிர் ஸீட்டுக்காரரும் கேட்கும்படி சொல்வார்.

அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். பிரெடரிக் நிக்கல்சன். கோயம்புத்தூர் ஜில்லா மேனுவல் எழுதியவர். பிற்காலத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறையை வளர்த்தவரும் அவரே. குடியானவன் கடனுக்கு என்ன வழி என்று பார்த்து வர 1892-இல் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1895-இலும் 1897-இலும் இரண்டு பெரிய தொகுதிகளாக அறிக்கை கொடுத்தார். மாகாணத்துக் குடியானவர்களின் கடன் 45 கோடி ரூபாய் இருக்கும் என்பது அவர் மதிப்பு. இங்கே ஒன்றுமே இல்லை என்று அவர் எழுதிவிடவில்லை. மெட்ராஸில் நிதிகள் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தன, மயிலாப்பூர் பண்டு 1872-இலேயே தொடங்கியது. சீட்டு அதற்கும் மூத்தது. நிக்கல்சன் அவற்றையெல்லாம் பார்த்துவிட்டுத்தான், கிராமத்துக்கு வேண்டியது ரெய்ஃபைசனைப் போல ஒரு ஆள் என்ற முடிவுக்கு வந்தார்.

ரெய்ஃபைசன் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரின் மேயர். 1846–47 பஞ்சத்தில் ஊருக்குப் பொதுவான ரொட்டி அடுப்புக் கட்டி, மாவைக் கடனுக்குக் கொடுத்து ஜனங்களைக் காப்பாற்றியவர். பணக்காரர்கள் தரும் தர்மத்தை நம்பி எந்த ஏற்பாடும் நீடிக்காது என்று கண்டு, கடன் வாங்குகிறவர்களே சேர்ந்து நடத்தும் சங்கத்துக்கு வந்து சேர்ந்தார். ஹெட்டெஸ்டோர்ப் என்ற ஊரில் 1864-இல் அப்படி ஒன்றைத் தொடங்கினார். ஒரே ஊர்க்காரர்கள், ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள், ஒருவன் கடனுக்கு எல்லாரும் பொறுப்பு. நம் 1904 சட்டம் இதை அப்படியே வாங்கிக்கொண்டது. பத்துப் பேர் சேர்ந்தால் சங்கம். கிராமத்துச் சங்கத்தில் பொறுப்புக்கு வரம்பு இல்லை. லாபம் வந்தால் யாரும் பங்கு போட்டுக்கொள்ளாமல் காப்பு நிதியில் சேர்க்க வேண்டும். அப்பா ‘ரைபீசன்’ என்றுதான் சொல்வார். எனக்கு அவர் நெடுநாள்வரை அப்பாவோடு டிரெயினிங் படித்த யாரோ ஒரு வாத்தியார்.

ஒருவரை ஒருவர் தெரிந்திருப்பதன் மறுபக்கத்தையும் எங்கள் வீடு பார்த்தது. அப்பா ஜாமீன் போட்டிருந்த ஆசிரியர் ஒருவர், பெயர் வேண்டாம், கலகலப்பான மனிதர், எங்களுக்கு எப்போதும் ஆரஞ்சு மிட்டாய் கொண்டுவருவார். கடன் வாங்கிய கொஞ்ச நாளில் பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டார். சம்பளம் நின்றால் பிடித்தம் நிற்கும், பிடித்தம் நின்றால் ஜாமீன்தாரருக்கு நோட்டீஸ். தவணையில் பாதி அப்பா சம்பளத்தில், மீதி இன்னொரு ஜாமீன்தாரர் சம்பளத்தில். அந்த மாதங்களில் வீட்டில் பால் அளவு குறைந்தது. அம்மா பேசவில்லை, பாத்திரங்கள் பேசின.

ஒரு ராத்திரி அம்மாவே கேட்டாள். “அந்த ஆளு சீட்டாடறது ஊருக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா போட்டீங்க?”

“அவன் பொண்டாட்டி வந்து நின்னுச்சு.”

“அப்ப சொசைட்டிய ஏன் குத்தம் சொல்றீங்க? உங்களத்தான் சொல்லணும்.”

அப்பா பதில் சொல்லவில்லை. அம்மா ஒன்பதாவது வரை படித்தவள், எந்த உறுப்பினர் கல்வி வகுப்புக்கும் போனவளில்லை. ஆனால் ஜாமீன் என்பது பணத்துக்கான உறுதி மட்டும் இல்லை, ஓர் ஆளைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைச் சங்கத்துக்குச் சொல்லும் சாட்சி என்பது அவளுக்குத்தான் சரியாகப் புரிந்திருந்தது. அப்பா தெரிந்ததை மறைத்துச் சாட்சி போட்டார், சங்கம் அதற்கான விலையை அவரிடம் வாங்கியது. அந்த ஆசிரியர் பிறகு வேலைக்குத் திரும்பினார், மீதியை அவர் சம்பளத்திலேயே பிடித்தார்கள். அப்பா கட்டியதைச் சிறுகச் சிறுகத் திருப்பிக் கொடுத்தார். முழுக்க வரவில்லை.

வருஷத்துக்கு ஒரு முறை மகாசபை. பள்ளிக்கூடம் ஒன்றில் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு நடக்கும். வாசலில் கையெழுத்துப் போட்டால் மிக்சரும் லட்டும் உள்ள பொட்டலம் ஒன்று, நல்ல வருஷமாக இருந்தால் எவர்சில்வர் டிபன் பாக்ஸோ தூக்கோ. பல பேர் அதை வாங்கிக்கொண்டு அப்படியே பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். நான் பொட்டலத்துக்காக அப்பாவோடு உட்கார்ந்திருப்பேன். தீர்மானங்களைச் செயலாளர் வேகமாக வாசிப்பார், “பேரவை அங்கீகரிக்கிறது” என்பார், கை தட்டுவார்கள். தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் மட்டும் அச்சடித்த அறிக்கையில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு எழுந்து நிற்பார். “ஏழாம் பக்கம். இயக்குநர் பயணப்படி போன வருஷத்தை விட ஏன் கூடிச்சு? வராக்கடன்ல யார் யார் பேர் இருக்குது, வாசிங்க.” பின்னாலிருந்து, “சார், சாப்பாட்டு நேரம் ஆச்சு” என்று குரல் வரும். சிரிப்பார்கள். அவர் உட்கார மாட்டார். அப்பா இயக்குநராக மேடையில் இருந்த வருஷங்களிலும் அந்தப் பெரியவர் விட்டதில்லை. வீட்டுக்கு வந்து அப்பா எரிச்சல்படுவார் என்று பார்த்தால், “அந்தாளு ஒருத்தன் இருக்கறதாலதான் நாங்க பில்லை ஒழுங்கா வெக்கறோம்” என்றார்.

நம் ஊர்க் கூட்டுறவின் குறை எனக்கு இங்கேதான் தெரிகிறது. ரெய்ஃபைசனின் சங்கம் ஊருக்குள் முளைத்தது. நம்முடையது சட்டமாகச் சர்க்காரிடமிருந்து வந்தது. பதிவாளர் முதலில் வந்தார், உறுப்பினர் பிறகு வந்தார். அதனால் பலருக்குச் சொசைட்டி என்பது இன்னொரு கவர்மெண்ட் ஆபீஸ், தன்னுடையது அல்ல. தமிழ்நாட்டில் சங்கங்கள் தேர்தலே இல்லாமல் தனி அலுவலர் கையில் ஆண்டுக்கணக்கில் இருந்தபோதும் பெரிய கூக்குரல் எழவில்லை. டிபன் பாக்ஸ் வரவில்லை என்றால் எழுந்திருக்கும்.

அப்பா ஓய்வு பெற்றபோது எழுத்தர் மாறியிருந்தார், பேரேடு அதேதான். பங்குத்தொகையும் சிக்கன சேமிப்பும் வட்டியோடு கணக்குத் தீர்த்துக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில்தான் என் தங்கைக்கு வளையல் வாங்கினார்கள். லோன் இல்லாமல் எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் நகை அது.

இப்போது என் அலுவலகத்து இளைஞர்கள் செல்போனில் கடன் வாங்குகிறார்கள். யாரிடமும் மோர் குடிக்க வேண்டாம், எதற்கு என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். தவணை தவறினால் போனில் உள்ள அத்தனை பேருக்கும் மிரட்டல் போகிறது. அத்தனை பேரையும் அவர்களுக்கே தெரியாமல் ஜாமீனாக்கிவிடுகிறார்கள். கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதி போட வேண்டியிருந்தது. அதே இளைஞர்களில் பாதிப் பேர் அலுவலகச் சிக்கன நாணயச் சங்கத்தில் உறுப்பினர்கள். சம்பளச் சீட்டில் அதற்கான பிடித்தம் ஒரு வரியாக இருக்கிறது, என்னவென்று பலருக்குத் தெரியவில்லை.

உங்கள் சம்பளச் சீட்டிலும் அந்த வரி இருந்தால், அடுத்த மகாசபைக்குப் போங்கள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உடனே கிளம்பாதீர்கள். அறிக்கையை வாங்கி ஐந்தொகையைப் படியுங்கள், வராக்கடன் எவ்வளவு என்று எழுந்து கேளுங்கள். சாப்பாட்டு நேரம் ஆகட்டும்.