பினாங்கில் ஏழு மணி நேரம்

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் நம் நண்பர் ஒருவரின் வீடு இருக்கிறது. நம்முடன் நெடுங்காலம் ஆசிரியப் பணி புரிந்து ஓய்வு பெற்றவர். மாலை வேளைகளில் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து யாப்பும் இலக்கணமும் பேசிக்கொண்டிருப்பது நம் வழக்கம். வெளியூர்ச் சுற்றுலாப் பயணிகள் கூட்டம் கூட்டமாக அவ்வழியே போவர். 1987இல் நிறைவுற்ற 236 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து நோக்குவர், படம் பிடிப்பர், பேரம் பேசி எதையேனும் வாங்குவர். வழிகாட்டி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார். ஏழு மதில்கள் சூழ்ந்த ஊரை இரண்டு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டதாக எண்ணிப் பேருந்தில் ஏறிவிடுவர். அவர்களைக் கண்டு நாம் இருவரும் நகைத்ததுண்டு. அந்த நகைப்புக்கு உரியவராக நாமே ஆவோம் என்று அன்று நினைக்கவில்லை.

சிங்கப்பூரில் பணிபுரியும் நம் மகன் சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் நம்மை அழைத்தான். திருச்சியிலிருந்து விமானம் ஏறினால் நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூர். அங்கே போன பிறகே அவன் வேறொரு செய்தி சொன்னான்: மூன்று இரவுகள் உல்லாசக் கப்பலில் பயணம், நடுவே ஒரு நாள் பிற்பகல் பினாங்குத் துறைமுகத்தில் இறங்கலாம். "அத்தா, உங்களுக்காகத்தான் இந்தக் கப்பலை எடுத்தேன்" என்றான். நம்மால் சிறிது நேரம் பேச இயலவில்லை.

காரணம் உண்டு. நம் தந்தையார் பினாங்கில் சூலியா தெருவில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதி வந்தார். 1971இல் நாகப்பட்டினத்தில் ரஜூலாக் கப்பல் ஏறினார். நமக்கு அப்போது வயது இரண்டு. அக்காலத்தில் நாகையில் கப்பல் கரைவரை வராது; நடுக்கடலில் நிற்கும்; படகில் சென்று ஏற வேண்டும். 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் நம் மக்களைச் சுமந்த கப்பல் அது. தந்தையார் சென்ற நேரமும் நல்ல நேரமன்று. குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்ய உரிமம் பெற வேண்டும் என்று மலேசிய அரசு 1968இல் சட்டம் இயற்றியிருந்தது. உரிமம் கிடைத்தவர்களும், ஊருக்கு வந்தால் திரும்பப் போக முடியுமோ என்று அஞ்சி, வருகையை ஆண்டுதோறும் ஒத்திப்போட்டனர். தந்தையாரும் ஒத்திப்போட்டார். 1977இல் அங்கேயே மவுத்தாகி அடக்கமானார். செய்திக் கடிதம் நம் வீடு வந்து சேர இருபத்திரண்டு நாட்கள் ஆயின.

கணவனை இழந்த பெண்ணின் இத்தாக் காலம் நான்கு மாதம் பத்து நாள். அது செய்தி கிடைத்த நாளிலிருந்து அன்று, இறந்த நாளிலிருந்தே கணக்காகும். இந்தச் சட்டத்தை நாம் பின்னாளில் மதரஸாவில் பாடமாக ஓதியபோது, உஸ்தாத் அடுத்த வரிக்குப் போய்விட்டார், நாம் போகவில்லை. அப்படியானால் நம் தாயார் இருபத்திரண்டு நாட்கள் தாம் அறியாமலே இத்தா இருந்திருக்கிறார். அந்நாட்களிலும் அவர் வண்ணச் சேலை உடுத்தி, தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்றிருப்பார்.

கப்பலிலிருந்து தொலைபேசியில் தாயாரிடம் செய்தி சொன்னோம். "அத்தா கபுரு கிட்ட நின்னு ஒரு ஸலாம் சொல்லிட்டு வா தம்பி" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

கப்பலைப் பற்றி விரித்துரைக்க நமக்கு விருப்பமில்லை. பல மாடிகள், நீச்சல் குளங்கள், இரவும் பகலும் உணவு. எது ஆகுமான உணவு என்று விசாரித்தே நமக்குப் பாதிப் பசி போயிற்று. அதிகாலையில் மேல்தளத்துக்குச் சென்றால் மலாக்கா நீரிணை எண்ணெய் வார்த்தாற்போல் அசைவற்றுக் கிடக்கும். தொலைவில் சரக்குக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். தந்தையார் இதே கடலைத் தளத்துப் பயணியாகப் பாய் விரித்துக் கிடந்து கடந்தார். நமக்கோ அறைக்குள் பஞ்சணை.

பிற்பகல் இரண்டு மணிக்குச் சுவெட்டன்ஹாம் துறையில் கப்பல் அணைந்தது. இரவு ஒன்பது மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று ஒலிபெருக்கி நான்கு மொழிகளில் எச்சரித்தது. துறைமுகம் என்பதற்கு அறபியில் 'மர்ஸா' என்றொரு சொல் உண்டு. உறுதியாக ஊன்றி நிற்றல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. திருமறையில் மலைகளைக் குறிக்கும் 'ரவாஸீ' என்பதும் அதே வேரினதே. ஏழு மணி நேரம் ஊன்றி நிற்கும் கப்பலுக்கு இச்சொல் பொருந்துமா என்று எண்ணியபடியே இறங்கினோம்.

கரையில் காலடி வைத்ததும் மணிக்கூண்டு. விக்டோரியா அரசியின் அறுபதாண்டு ஆட்சிக்காக அறுபது அடி உயரத்தில் எழுப்பியது. பேரப் பிள்ளைகள் ஆர்மீனியர் தெருவுக்குப் போக வேண்டும் என்றனர். அங்கே 2012இல் லித்துவேனிய ஓவியர் ஒருவர் சைக்கிளில் செல்லும் இரு குழந்தைகளைச் சுவரில் தீட்டியிருக்கிறார்; அதனருகே நின்று படமெடுக்கப் பயணிகள் வரிசையில் காத்திருக்கின்றனர். நாமும் நின்றோம். இருபது நிமிடங்கள் கழிந்தன. உத்தர வீதி நண்பர் அப்போது நம்மைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

அங்கிருந்து சிறிது தொலைவில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். நம் தமிழ் முஸ்லிம்களின் தலைவராயிருந்த காதர் முகைதீன் 1801இல் தொடங்கியது. பிரான்சிஸ் லைட் 1786இல் கெடா சுல்தானிடமிருந்து இத்தீவைப் பெற்றுப் பதினைந்தே ஆண்டுகளில் நம்மவர் இத்தகைய பள்ளியை எழுப்பும் நிலையில் இருந்தனர். ஆனால் நம்மவர் வரவு அதனினும் பழையது. பட்டினப்பாலையில் வரும் காழகத்துக்கு நச்சினார்க்கினியர் கடாரம் என்று உரை கண்டார். அந்தக் கடாரந்தான் எதிர்க்கரையில் உள்ள கெடா. நம் காவிரி கடலில் கலக்குமிடத்தில் அவ்வூர்ப் பொருள்கள் வந்து இறங்கிய காலம் அது.

அஸர் தொழுகைக்கு இமாமைப் பின்பற்றி நின்றோம். எனவே பயணியாயினும் நான்கு ரக்அத்தும் தொழுதோம். தொழுகைக்குப் பின் தமிழ் பேசும் பெரியவர் ஒருவரிடம் பழைய உறையிலிருந்த கடை முகவரியைக் காட்டினோம். அவர் உடனே எழுந்து, ஊன்றுகோலுடன் நம்மோடு நடந்தார். சூலியா தெருவும் கிங் தெருவும் கூடும் மூலையில் நாகூர் தர்கா. நாகூரில் அடங்கிய மகானுக்கு இங்கே நினைவிடம் எழுப்பியிருக்கிறார்கள். இங்கே அடங்கியவரைத் தேடி நாம் அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறோம்.

கடை இருந்த இடத்தில் இப்போது வெளிநாட்டு இளைஞர் தங்கும் விடுதி. வாசலில் காலணிகள் குவிந்து கிடந்தன. உள்ளே கேட்க ஒன்றுமில்லை. பெரியவர் எதிரே இருந்த கடையில் நமக்கு 'நாசி கண்டார்' வாங்கித் தந்தார். காசு கொடுக்க விடவில்லை. நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோளில் சுமக்கும் காவடித் தடி. துறைமுகக் கூலிகளுக்காக நம்மவர் சோற்றையும் ஆணத்தையும் தடியில் தொங்கவிட்டுச் சுமந்து விற்றதால் வந்த பெயராம்.

மையவாடிக்குப் போகும்போது மணி ஆறரை. மகன் கைபேசியில் மணி பார்ப்பதும் நம்மிடம் சொல்லத் தயங்குவதுமாக இருந்தான். தந்தையாரின் கபுருக்குக் கல் நடப்பட்டிருந்ததாகக் கடிதத்தில் இல்லை. "எழுவத்தேழா? அந்தப் பக்கம் இருக்கும் ஹஜ்ரத்" என்று பெரியவர் ஊன்றுகோலால் ஒரு திசையைச் சுட்டினார். அங்கே நெருக்கமான மீசான் கற்கள், அவற்றிடையே கல்லில்லாத மேடுகள், புல். ஒன்றொன்றாகப் பார்த்துக்கொண்டு போனோம். மஃரிப் பாங்கு கேட்டது. அதற்குமேல் எழுத்துத் தெரியவில்லை. இன்ன இடம் என்று அறியாமலே எல்லோருக்குமாகச் சேர்த்து ஸலாம் சொன்னோம். கபுராளிகளுக்குச் சொல்லும் ஸலாம் பன்மையில்தான் இருக்கிறது என்பது அன்றுதான் நமக்கு உறைத்தது. தந்தையாரை அழைத்துப் பேச ஒரு சொல்லும் வரவில்லை. அவர் குரலை நாம் கேட்டறியோம்.

எட்டரை மணிக்குக் கப்பலில் இருந்தோம். மேல்தளத்தில் பாட்டும் ஆட்டமும் தொடங்கியிருந்தன.

திருச்சி திரும்பியதும் தாயாரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னோம். கபுரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதையும் மறைக்கவில்லை. அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. தகரப் பெட்டியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "கடை வாசல்ல நின்னா நம்மூருக் கப்பல் தெரியும்னு எழுதுவாங்க. தெரியுதா?" என்றார்.

அவ்விடத்தை மனத்தில் கொணர்ந்து பார்த்தோம். வாசலில் நின்றால் எதிர்வரிசைக் கட்டடங்கள்தாம் தெரியும்.

"தெருக்கோடி வரை நடந்தால் கடல் தெரியும் அம்மா" என்றோம்.

"நடந்திருப்பாங்க" என்றார்.