துணியைத் திருப்பிப் பாருங்கள்



மிதி மெஷினில் பல்லை இறக்கிவிட்டு, வளையத்தைக் கையால் நகர்த்திப் பூப்போட என்னிடம் கற்றுக்கொண்ட பிள்ளைகள் இன்று கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினில் பிளவுஸ் முதுகு முழுக்க மயில் போடுகிறீர்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் எனக்கு வரும் போனில் பாதி ஒரே புகார்தான். "டீச்சர், அடியில நூல் குருவிக்கூடு மாதிரி சுத்திக்குது."

அடியில் சுற்றுவதால் எல்லோரும் அடியில்தான் கைவைக்கிறீர்கள். பாபின் கேஸைக் கழற்றி அதிலிருக்கும் குட்டித் திருகைத் திருகுகிறீர்கள். அளவு பார்த்து வைத்த திருகு அது. அதை எடுத்த எடுப்பில் தொட்டால் ஒரு கோளாறு இரண்டாகும். அடியில் கூடு கட்டினால் குற்றம் பெரும்பாலும் மேல் நூலில்தான். கீழே இருக்கும் கொக்கி மேல் நூலை வளையமாக இழுத்து பாபினைச் சுற்றி விடுகிறது. மேலே டென்ஷன் இருந்தால்தான் அந்த நூல் திரும்ப மேலே போகும். டென்ஷன் இல்லையென்றால் அங்கேயே குவியும்.

கல்யாணமாகி ஈரோடு பக்கம் போன ஒரு மாணவி (பெயர் வேண்டாம்), கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து மெஷின் வாங்கியவள். கையில் கல்யாண வீட்டு ஆர்டர், ஆறு பிளவுஸ். மெஷின் பார்க்க வந்தவர் "போர்டு போச்சு" என்று பெரிய தொகை சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். "வித்துடலாம்னு இருக்கேன் டீச்சர், வட்டியாவது மிஞ்சும்" என்று போனில் அழுதாள்.

வீடியோ காலில் வரச் சொன்னேன். திரை எரிகிறது, டிசைன் ஓடுகிறது, ஊசி ஏறி இறங்குகிறது. அப்புறம் போர்டு எங்கே போனது?

"நூல முழுசா எடு கண்ணு. ஃபுட்டைத் தூக்கிட்டு மறுபடி கோரு" என்றேன். ஃபுட் கீழே இருக்கும்போது டென்ஷன் தட்டுகள் இரண்டும் மூடியிருக்கும். அப்போது கோர்த்தால் நூல் தட்டுகளுக்கு நடுவே இறங்காமல் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். பார்க்க எல்லாம் சரியாகத்தான் தெரியும். அவளிடம் இன்னொன்றும் இருந்தது. கெட்டியான பருத்தி நூலில் முடிச்சுப்போட்டுத் தட்டுகளுக்கு நடுவே மேலிருந்து கீழாக இழுக்கச் சொன்னதும், அறுந்துபோன ஜரிகை நூல் துணுக்கு ஒன்று வெளியே வந்தது. தட்டுகளை மூடவிடாமல் வைத்திருந்தது அதுதான்.

ஊசியையும் கழற்றி முனையை நகத்தில் மெல்ல உரசிப் பார்க்கச் சொன்னேன். கீறியது. ஊசியை எட்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சாதாரண எம்பிராய்டரி நூலுக்கு 75/11 போதும். ஜரிகை நூலுக்குக் கண் பெரிதான 90/14 போட்டு, வேகத்தையும் குறையுங்கள். ஊசி இம்மி வளைந்தாலும் கொக்கி நூலைப் பிடிக்காமல் விட்டுவிடும், தையல் தாவும். சில ரூபாய் ஊசியில் சிக்கனம் பார்த்து ஆயிரக்கணக்கில் விலையுள்ள பட்டைக் கெடுக்கிறவர்களை என்ன சொல்வது!

ஆறு பிளவுஸும் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே போய்ச் சேர்ந்தன. சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது. மெஷின் வீட்டில் இருக்கிறது.

சுத்தம் செய்யும்போது முதலில் கரண்டை நிறுத்துங்கள். ஊசித் தகட்டைக் கழற்றி, பாபின் கேஸை எடுத்து, அடியில் சேரும் பஞ்சைப் பிரஷ்ஷால் வெளியே எடுங்கள். வாயால் ஊதினால் பஞ்சு இன்னும் உள்ளே போகும், எச்சில் ஈரமும் சேரும். எண்ணெயை மெஷினோடு வந்த புத்தகம் சொன்ன இடத்தில், சொன்ன அளவு மட்டும் விடுங்கள். வீட்டு மெஷின் பலவற்றில் நாம் எண்ணெயே விடக்கூடாது. தேங்காய் எண்ணெய் எதிலும் வேண்டாம், பிசின் மாதிரி இறுகிவிடும். (அத்தை வீட்டு மெஷின் நினைவிருக்கிறவர்கள் சிரிப்பீர்கள்.)

திரையே எரியவில்லை, கருகல் வாடை வருகிறது, உள்ளே இரும்பு உரசும் சத்தம் கேட்கிறது என்றால் நீங்கள் திறக்காதீர்கள். அது மெக்கானிக் வேலை.

மற்றதற்கு எனக்குப் படம் அனுப்பலாம். ஆனால் மேல்பக்கத்து மயிலை அனுப்பாதீர்கள். நெருக்கமாக நிரப்பித் தைத்த ஒரு பட்டையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் படம் எடுங்கள். நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளை பாபின் நூல், இரண்டு ஓரத்திலும் கலர் நூல் தெரிந்தால் டென்ஷன் சரி. வெள்ளையே தெரியாமல் முழுக்கக் கலராக இருந்தால், போன் செய்வதற்கு முன்னால் ஃபுட்டைத் தூக்கி நூலை மறுபடி கோர்த்துவிடுங்கள்.