ஓதம்

எனக்குச் சொந்த ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். அங்கே ஓதம் என்றால் ஐப்பசி மழையில் மண்சுவரின் அடியில் ஏறும் ஈரம். தை பிறந்ததும் காய்ந்துவிடும். கடல் பெருக்குக்கும் தமிழில் அதே சொல்தான் என்பது, கப்பலேறி அந்தமானுக்கு வந்து குடியமர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இங்கே இரண்டும் ஒன்றேதான். கடல்தான் காற்றிலேறி வீட்டுக்குள் வருகிறது. நான் குடியிருக்கும் போர்ட் பிளேருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது; ஓதம் மாறவில்லை. அப்பளம் பிரித்த அன்றே நமுத்துவிடும், மாட்டிவைத்த பெல்ட்டில் பச்சையாகப் பூசணம் பூக்கும்.

தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பது என் தொழில். ரங்கத், மாயாபந்தர், திக்லிபூர் என்று போய்வர வேண்டும். இங்கிருந்து திக்லிபூர் 300 கிலோமீட்டருக்கு மேல். ஜிர்காடாங்கிலிருந்து ஜாரவா மக்களின் காட்டு வழியே வண்டிகளைக் குறித்த நேரத்தில் வரிசையாகத்தான் விடுவார்கள். நடுவில் நிறுத்தக் கூடாது. அன்றே திரும்புவது நடக்காது என்பதால் பழைய வேன் ஒன்றை வாங்கி, பின் சீட்டைக் கழற்றிப் படுக்கை போட்டேன். கூரையிலும் பக்கத் தகரத்திலும் தெர்மோகோல் ஒட்டி, அதன்மேல் பிளைவுட்டை இடைவெளியில்லாமல் அறைந்தேன். எறும்புகூட நுழையாது என்று பெருமையாக இருந்தது.

இங்கே மழை மே 20-ஐ ஒட்டி இறங்கினால் டிசம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்யும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். எங்கள் ஊரில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. முதல் மழைக்காலம் முடிந்து ஸ்பாஞ்சு மெத்தையைத் தூக்கினேன். அடியில் கறுப்புப் புள்ளிகள். பிளைவுட்டைப் பெயர்த்தால் அதன் முதுகு முழுக்கப் பூஞ்சை, தகரத்தில் துரு. நான்கு மாதமாக ஏன் இருமினேன் என்று அப்போதுதான் புரிந்தது.

சாத்தாம் மரமில்லில் ஒரு காலத்தில் வேலை பார்த்த ஆசாரி ஒருவர் ரங்கத்தில் இருக்கிறார். 1883-ல் தொடங்கிய மில் அது. பெயர்த்த பலகையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“அறுத்த படாக் மரத்தை எப்பிடி அடுக்குவோம் தெரியுமா தம்பி? ரெண்டு பலகைக்கு நடுவுல குறுக்கே சட்டம் வச்சுத்தான். காத்து ஓடணும்ல. நீங்க மூச்சை அடைச்சுட்டீங்க.”

“மழை உள்ள வந்துருமேன்னுதாண்ணே அடைச்சேன்.”

“மழை வந்தா தொடச்சுரலாம். இது உள்ளயே இருந்து ஊறுது.”

குளிர் நாட்டில் கேம்பர் வேனில் வாழ்கிறவர்களின் முறையைத்தான் நான் கேட்டுச் செய்திருந்தேன். அவர்களுக்கு ஈரம் உள்ளிருந்து பிறக்கிறது: மூச்சு, சமையல் ஆவி. வெளிக்காற்று வறண்டது. உள்ளே சூடாக்கி, கொஞ்சம் காற்று விட்டால் காய்ந்துவிடும். இங்கே தலைகீழ். 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 25 டிகிரியில் 23 கிராம்தான். ஏசி போட்டு உள்ளே குளிரவைத்தால், வெளியிலிருந்து சந்துகளில் புகுந்த புழுக்கக் காற்று குளிர்ந்த பலகையின் முதுகில் தண்ணீராகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

எல்லாவற்றையும் பிரித்தேன். மெத்தையைத் தூக்கிப்போட்டேன், ஸ்பாஞ்சுக்குள் இறங்கிய பூஞ்சையை எந்த மருந்தும் முழுசாக எடுக்காது. ஆசாரி ரீப்பர் அடித்து, தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரற்கடை விட்டு, மேலும் கீழும் திறப்பு வைத்தார். படுக்கைக்கு முழுப் பலகை வேண்டாமென்று சட்டங்களை இடம்விட்டு அடித்தார். கூரையில் பன்னிரண்டு வோல்ட் விசிறி ஒன்று ராத்திரி முழுக்க ஓடுகிறது. வெளிக்காற்றும் ஈரம்தான் என்றாலும், ஓடும் காற்றில் பூஞ்சை பிடிப்பது குறைவு. நனைந்த ரெயின்கோட் உள்ளே வராது. சோறு வடிப்பது வெளியே தார்ப்பாய்க்குக் கீழே. கதவுகளின் அடியில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் உண்டு. சேறு அடைத்துக்கொள்ளும், மாதம் ஒருமுறை குச்சியால் குத்திவிடுகிறேன். சிலிக்கா ஜெல் திறந்த வேனில் வீண். ரப்பர் வாய் வைத்த டப்பாவில், மீட்டரோடும் காகிதங்களோடும் போட்டால் வேலை செய்யும்.

உப்பைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாக நீரிழுக்கும். கடலில் குளித்த துண்டும் கடற்கரையில் நிறுத்திய வேனின் தரைவிரிப்பும் எவ்வளவு உலர்த்தினாலும் பிசுபிசுப்பது அதனால்தான். நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். கோடையில் குழாய்த் தண்ணீர் முறைவைத்து வரும் ஊரில், பீப்பாயில் பிடித்த மழைநீர்தான் அதற்கு உதவுகிறது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். படுக்கும் முன் கைப்பழக்கத்தில் பீரோ, அலமாரி, டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் திறந்து வைத்திருக்கிறேன். நடுராத்திரி அம்மா எழுந்து வந்து, “புழுதி அடையும்டா” என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சாத்தினாள்.